ஒரு சொட்டு நகப்பூச்சு

ரிச்சி தெருவில் சென்சார் வாங்கி வந்தார் தாமோதரன்,
பேரம் பேசி இருநூற்றுப் பத்து ரூபாய்க்கு.
மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால்
அடுக்களையில் கூவ வேண்டும்.

கூவியது.
நடுராத்திரி மூன்றுக்கு, வெறும் தொட்டிக்காக,
எதிர் பிளாட் நாயும் கூடச் சேர்ந்துகொள்ள.

அவர் கோவைக்குப் போன வாரம் மறுபடி.
மழை விட்டிருந்தது. மெயினை அணைத்துவிட்டு
ஏணியில் நான், கீழே டார்ச்சோடு யாழினி.
டப்பாவைத் திறந்தால்
அத்தனை ஒயரும் கறுப்பு.

பிடுங்குமுன் போனில் ஒரு படம்.
பிறகு புடவையில் கை துடைத்து ஒவ்வொன்றாக.
இணைப்புக்குள் எறும்புகள்,
அட்வான்ஸ் தராமல் குடித்தனம்.

இப்போது ஒயருக்கு ஒரு சொட்டு நகப்பூச்சு:
சிவப்பு கரண்ட், பச்சை மிதவை.
ஜிகினா வைத்தது
எதன் வாயை அடைக்கும் என்று
இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.