முந்நூற்றுப் பன்னிரண்டு

ஓட்டேரி துளசிங்கம் சப்ளையர்ஸில்
பில் எழுதுகிறவள் நான்.
சேரும்போது நாற்காலி ஒன்றுக்கு இரண்டேகால் ரூபாய்.
இப்போது எட்டு.
முதுகில் சிவப்புப் பெயிண்டில் து.ச. என்றிருக்கும்.
அந்த எழுத்தில் சாயாத முதுகு
இந்தப் பக்கம் குறைவு.

கல்யாணம், காதுகுத்து, எல்லாக் கட்சிக் கூட்டமும்.
திங்களன்று ஒருவர் திட்டுவார்
செவ்வாயன்று திட்டு வாங்கியவர் திட்டுவார்
நாற்காலி அதேதான். மைக்கும் அதேதான்.
முதலாளி மேடைக்குப் பின்னால்
ஆம்ப்ளிஃபயர் பக்கம் நின்றுகொண்டு
காலியாகக் கிடப்பதை எண்ணுவார்.
"நானூறு கேட்டான், நூத்தி எழுபதுலதான் ஆள் இருக்கு.
இவன் தேறமாட்டான்."
ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

சாவு வீட்டுக்கு மட்டும் முன்பணம் கிடையாது.
பதினாறாம் நாள் கழித்துத்தான் பில் போகும்.
தராதவர்கள் உண்டு.
"அந்தப் பக்கத்தைத் திருப்பு" என்பார்.

வெள்ளம் வந்த டிசம்பரில்
குடோன் ஷட்டரை அவரே தூக்கிவிட்டார்.
மிதந்து வெளியே வந்தன.
ஒன்றில் பிள்ளைத்தாச்சி ஒருத்தியை உட்காரவைத்து
நாலு பேர் தோளுக்கு மேல் தூக்கிப்போனதை
மாடியிலிருந்து பார்த்தேன்.
தண்ணீர் வடிந்தபின் எண்ணினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு குறைந்தது.
நஷ்டம் என்று எழுதினேன்.
பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு
'போனது' என்று மட்டும் எழுதினார்.

முதலில் வார்டு.
அப்புறம் யாரும் எதிர்பாராமல் டெல்லிக்கே சீட்டு.
நோட்டீஸில் 'ஆயிரம் நாற்காலி தந்த வள்ளல்' என்று அச்சானது.
பெரம்பூர் கூட்டத்தில் வெளியூர்ப் பேச்சாளர்
அதை மூவாயிரமாக்கினார்.
நான் இரண்டாம் வரிசையில் இருந்தேன்.
முதலாளி என் பக்கம் பார்க்கவே இல்லை.
அன்றைக்குப் போட்ட நாற்காலிக்கு
இன்னும் பணம் வரவில்லை.
கேட்டால், "நம்ம கட்சிதானேம்மா."

டெல்லியில் அவர் இருக்கை
தரையோடு சேர்த்து முடுக்கியிருக்கிறதாம்.
அடுக்க முடியாது, வண்டியில் ஏற்ற முடியாது.
"அசைக்கக்கூட முடியல மரகதம்" என்றார் போனில்
கோயில் தேரைப் பார்த்த பையன் மாதிரி.

ஓட்டேரி கால்வாயைப் பற்றி ஒருநாள் எழுந்தார்.
இரண்டு நிமிஷம்.
வணக்கத்துக்கே பாதி போயிற்று.
தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று
சொல்லி முடிப்பதற்குள் மைக்கை அணைத்தார்கள்.
முப்பது வருஷம் மைக் வாடகைக்கு விட்டவர்.
உதடு அசைவதைக் கடை டிவியில் பார்த்தோம்.
லோடுமேன் காதர் பாஷா சிரித்தான்,
பிறகு எழுந்துபோய்
வெயிலில் கிடந்த ஸ்பீக்கரை
உள்ளே எடுத்து வைத்தான்.

எழுத்தில் பதில் வந்தது.
பரிசீலனையில் உள்ளது.
அதை லேமினேட் செய்து அனுப்பியிருக்கிறார்.
எங்கே மாட்டுவதென்று தெரியாமல்
பில் புக்குக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

போன வாரம்
கன்னிகாபுரத்திலிருந்து ஒரு டெய்லர்
டிவிஎஸ் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்.
ஒரு கால் ஒடிந்து கம்பியால் சுற்றியிருந்தது.
து அழிந்திருந்தது. ச இருந்தது.
"வெள்ளத்தப்ப வாசல்ல வந்து நின்னுச்சு.
இதுல உக்காந்துதான் இத்தனை வருஷம் தைச்சேன்.
வீடு காலி பண்றோம்மா. உங்களுது."

முதலாளிக்குப் போன் போட்டேன்.
கூட்டத்தொடர். அணைத்து வைத்திருந்தார்.
பழைய நோட்டைத் தேடி எடுத்து
அவர் கையெழுத்துக்குக் கீழே
வந்தது ஒன்று, மீதி முந்நூற்றுப் பதினொன்று
என்று எழுதித் தேதி போட்டேன்.

உட்காருங்க, டீ வருது என்றேன்.
சுற்றி ஆறாயிரம் நாற்காலி அடுக்கியிருந்தது.
பரவாயில்லம்மா என்று
நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.