பெட்டி மூடியின் உட்புறம்

அச்சடித்த விதிப்புத்தகம் எங்கே போனதென்று
யாருக்கும் தெரியாது. தேடவும் இல்லை.
எங்கள் சட்டமெல்லாம் பெட்டி மூடியின் உட்புறத்தில்,
பென்சிலில், நாலைந்து பேர் கையெழுத்தில்,
அடித்தும் திருத்தியும்,
கோப்பை வைத்த வட்டக் கறையைச் சுற்றி வளைந்தும்.

முதல் விதி ஒக்கோ எழுதியது:
இரண்டே வீடு உள்ளவன் நிலத்தில்
கொள்ளையனை நிறுத்தக் கூடாது.
அன்று இரண்டே வீடு வைத்திருந்தவன் ஒக்கோ.
ஆள் பிரேமனுக்குப் போய்விட்டான்.
விதி போகவில்லை.

ஆட்டுச் சீட்டு ஒன்று தொலைந்தது.
இம்கே அட்டையில் வரைந்து வெட்டினாள்.
நாய் மாதிரி வந்துவிட்டது.
ஆகவே மூன்றாம் விதி:
இந்த ஆட்டைக் கொடுத்துக் கோதுமை வாங்குபவர்
ஒருமுறை குரைக்க வேண்டும்.
எம்டன் துறைமுகத்தில் கார்க் கப்பல்களுக்குக்
கணக்கெழுதும் ட்யார்க்
டையைத் தளர்த்திவிட்டுக் குரைப்பான்.
எதிர்வீட்டிலிருந்து பதில் வரும்.

ஐந்தாவது: கணவனும் மனைவியும்
ஒரு சுற்றில் ஒருமுறைக்கு மேல் பண்டம் மாற்றக் கூடாது.
ட்யார்க்கும் இம்கேயும் பிரிந்த மார்ச் மாதம்
யாரோ அதன்மேல் கோடு போட்டார்கள்.
கோட்டுக்கு மேலே, ஏப்ரலில், இம்கேயின் எழுத்து:
செல்லும். முன்னாள் என்றாலும்.

எங்கள் வயல்கள் கடல் மட்டத்துக்குக் கீழே.
கரை இருப்பதால் நாங்கள் இருக்கிறோம்.
அந்தக் காலத்தில் இங்கே ஒரு வழக்கம்:
தன் பங்குக் கரையைக் கட்ட முடியாதவன்
அதில் மண்வெட்டியை நட்டுவிட்டு
ஊரைவிட்டுப் போக வேண்டும்.
பிடுங்குகிறவனுக்கு நிலம்.
கரையும் அவன் தலையில்.

மழை விடாத ஒரு வியாழக்கிழமை
விளையாட்டாக அதையும் எழுதிவைத்தோம், ஏழாவதாக.
இரண்டு பகடையும் ஒன்று காட்டினால் கடல் ஏறும்.
கரையோர வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு செங்கல்.
இல்லாதவர் மூன்று செங்கல் வரை கடன் சொல்லலாம்.
அதற்கு மேல் மண்வெட்டி;
மண்வெட்டிக்கு ஒரு நெருப்புக் குச்சி.
எட்டு வருடத்தில் ஒருவரும் குச்சி எடுக்கவில்லை.

போன நவம்பர், செவ்வாய்க்கிழமை,
ஹாபோ வீட்டுப் பாதையில் மூன்று லாரிகள்.
அறுபத்திரண்டு மாடுகள்.
வியாழன் வந்தான். ஒன்றும் சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை. தேநீர் ஊற்றினேன்,
கோப்பையடியில் கற்கண்டு விரிசல் விட்டது.
கடல் ஒருமுறை ஏறியது. மூன்று செங்கல் கடன் சொன்னான்.
ஒன்பது மணிக்கு அவனே உருட்டினான்:
ஒன்று. ஒன்று.

குச்சியின் மருந்துத் தலையை ஒடித்துப் போட்டுவிட்டு
இரண்டு அறுகோணங்கள் சேரும் இடுக்கில்
தன் வீட்டை ஒட்டி நட்டான்.
நேராக நிற்கவில்லை. மறுபடி நட்டான்.

மூன்று கைகள் ஒரே நேரத்தில் நீண்டன.

இதைச் சொல்லியாக வேண்டும்:
பலகையிலேயே நல்ல துறைமுகம் ஹாபோவுடையது.
இரண்டு ஆடு கொடுத்தால் எதுவும் கிடைக்கும்.
ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்
எங்களில் யார் என்று கேட்டால்
என் கையைப் பற்றியே எனக்கு உறுதியில்லை.
என்னிடம் ஐந்து ஆடுகள் இருந்தன,
நாயையும் சேர்த்து.

"ஒரே நேரத்துல மூணு கை," என்றான் ஹாபோ,
"இதுக்கு விதி இல்ல."
பென்சிலை எடுத்து எட்டு என்று எழுதி
இரண்டு புள்ளி வைத்தான்.
நட்டவனே ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றாள் இம்கே.
அப்படியென்றால் அவன் பேரம் பேசுவான் என்றான் ட்யார்க்.
பேசட்டுமே என்றேன்.
நட்டவன் எழுந்து போக வேண்டுமா,
பகடை உருட்டவாவது உட்காரலாமா,
கடனைப் பிரித்துச் சுமந்தால் துறைமுகம் யாருக்கு...
பதினொன்றரைக்கு ட்யார்க் கோட்டை மாட்டினான்.
குச்சி நின்றபடியே இருந்தது.
பலகையைக் கலைக்காமல் அலமாரி மேல் ஏற்றினோம்.

மூடியில் இன்றைக்கும் எட்டுக்குப் பின்னால்
அந்த இரண்டு புள்ளிகள்தான்.
அடுத்த வியாழன் ஹாபோ
அரைமணி முன்னதாகவே வந்துவிட்டான்.
சாயங்காலம் கறக்க வேண்டியதில்லையே.