பதினாறு எழுத்து

பிளவ்திவ் நகரில், மூன்றாம் மாடியில்,
இரவுப் பணிக்கு இவைலா உட்காருகிறாள்.
இங்கே யாரும் பேசுவதில்லை.
எழுதுகிறார்கள், பெரும்பாலும் கோபமாக.

பன்னிரண்டு ஐம்பதுக்கு ஒரு புகார்:
என் கணக்கைத் திருடிவிட்டார்கள்.
ஒஸ்திராவாவிலிருந்து ரதேக்.
ஒன்று பத்துக்கு இன்னொன்று:
என் கணக்கைத் திருடப் பார்க்கிறார்கள்.
கௌனசிலிருந்து அரூனாஸ்.
இரண்டும் ஒரே கணக்கு.

நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?
ஓர் இரவில் நாற்பது முறை கேட்கிறாள்,
எழுதி வைத்த வாசகத்தில், மரியாதை குறையாமல்,
கீழே தன் பெயரின் முதல் பாதியோடு.

ரதேக் ஒரு புகைப்படம் அனுப்பினான்.
வீடு மாற்றும்போது கிடைத்ததாம்.
வட்டு தொலைந்துபோன உறை, உள்ளே ஓர் அட்டை,
காசால் சுரண்டிய சாம்பல் பட்டைக்கு அடியில்
பதினாறு எழுத்து.
பதினோராவது சுழியமா, ஆங்கில ஓ-வா?
இரண்டையும் போட்டுப் பார்த்தாள். சுழியம்.

அரூனாஸிடம் அட்டை இல்லை.
பதினான்கு வயதில், சந்தையில் எவனோ
சிகரெட் பெட்டியைக் கிழித்து எழுதிக் கொடுத்த
மின்னஞ்சலும் கடவுச்சொல்லும்,
பத்து லித்தாசுக்கு. அந்தக் காசே இப்போது செல்லாது.
அவனிடம் இருப்பது பதினோரு வருடம்.
ஒரு தீவு. அதில் கல் கல்லாக வைத்துக் கட்டிய
கலங்கரை விளக்கம், ஒரு கண் வெளுத்த குதிரை.
திருடியது நானில்லை, விற்றவன்தான், என்று எழுதினான்.
இரண்டு நிமிடம் கழித்து:
தெரிந்துதான் வாங்கினேன்.
பத்து லித்தாசுக்கு வேறெப்படிக் கிடைக்கும்?

பொய் சொல்லியிருக்கலாம்.
அந்த வரியை அவள் மறுபடி படித்தாள்.
பிறகு விதியைப் படித்தாள்.
வருடம் அத்தாட்சி அல்ல.
குதிரை அத்தாட்சி அல்ல.

சாவி என்றால் பூட்டைத் திறப்பது.
சாவி என்றால் பால் பிடிக்காத கதிரும்தான்.
வயலில் அதுதான் நிமிர்ந்து நிற்கும்,
தூரத்திலிருந்து பார்த்தால் விளைச்சல்.
கையில் உருவினால் உமி.
அரூனாஸ் உருவிப் பார்த்தபோது இரண்டு நாற்பது.
கடவுச்சொல் தவறு.
கடவுச்சொல் தவறு.

மூன்றரைக்கு ரதேக்கிடமிருந்து மடல்.
நன்றி இல்லை.
நான் விட்டுப் போனது ஒரு குடிசை, பாதி வேலி.
இப்போது ஊரே இருக்கிறது.
வாசலில் ஏழு பேர் நின்று என்னவோ கேட்கிறார்கள்,
ஒரு சொல்லும் புரியவில்லை.
குதிரை என்னை அண்டவிடவில்லை.
அவனுக்கே திருப்பிக் கொடுக்க எந்தப் பொத்தான்?

அந்தப் பொத்தான் இல்லை.
விற்கவோ கொடுக்கவோ கூடாது: பிரிவு இரண்டு, உட்பிரிவு ஐந்து.
இரு கட்டச் சரிபார்ப்பை இயக்கிக்கொள்ளுங்கள்,
கடவுச்சொல்லை எவரோடும் பகிராதீர்கள்
என்ற வழக்கமான வாசகத்தை அனுப்பினாள்.
அனுப்பிய பிறகுதான் உறைத்தது:
கடைசி வரியை அவன்
எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.
இரண்டு புகாருக்கும் பச்சைக் குறி. தீர்ந்தது.

ஆறரைக்கு அவள் கட்டடத்தின் வாசல்.
எண் பலகையில் நான்கு பொத்தான்கள் மட்டும்
தேய்ந்து மினுங்குகின்றன.
தபால்காரர், பீட்சா பையன்,
இரண்டாம் மாடிக்காரியின் பழைய காதலன்,
யாரும் அந்த மினுக்கத்தைப் படித்து உள்ளே வந்துவிடலாம்.
மாற்றவேண்டும் என்று மூன்று கூட்டம் போட்டாயிற்று.

இன்று எண்ணை அழுத்துமுன்
தேயாத ஆறு பொத்தான்களையும் ஒவ்வொன்றாகக்
கட்டைவிரலால் தேய்த்தாள்.
ஐந்தும் எட்டும் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டன.

பின்னால் யாரோ செருமினார்,
கையில் ரொட்டிப் பொட்டலம், தோளில் பனித்தூள்.
அவரை அவளுக்குத் தெரியாது.
கதவைத் திறந்து
அவர் உள்ளே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.