நள்ளிரவுக்கு இந்தப் பக்கம்

ரெலாவ். பதினேழு மாடி. இரண்டு லிஃப்டில் ஒன்று ஓடுகிறது.
கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட்,
நாக்கில் தேய்ந்துபோன ஒரே கேள்வி:
திங்கள் முடிந்து செவ்வாய் தொடங்கிய நள்ளிரவில்
இந்த வீட்டில் உயிரோடு இருந்தவர்கள் எத்தனை பேர்?

பயிற்சியில் சுல்கிஃப்லி பலகையில் ஒரு பஸ் வரைந்தார்.
ஏறுவோர், இறங்குவோர்,
உள்ளேயே பிறப்போர், உள்ளேயே கண் மூடுவோர்.
ஒரு மாநிலம் வளர்வதும் தேய்வதும் இவ்வளவுதான் என்றார்.
"பஸ்ஸிலேயே யார் சார் பிறப்பாங்க?" என்றது பின்வரிசை.
சிரித்தோம். அப்புறம் கறிபாப் கொடுத்தார்கள்.

மூன்றாம் மாடியில் வெங்காயம் வதங்குகிறது.
பிம் தாமாங், சிப்பு கம்பெனி, மூன்றாவது வருஷம்.
கட்டில் ஆறு, ஆட்கள் பன்னிரண்டு.
பகல் ஷிப்டு விட்டுப்போன சூட்டில்
இரவு ஷிப்டு வந்து படுக்கிறது.
"அந்த நேரம் ஆறு பேர்தான், மற்றவர் மெஷின் முன்னால்"
நேர்மையாகச் சொல்கிறான்.
இரவு வேலைக்காரருக்கு விதி உண்டு. பன்னிரண்டும் போட்டேன்.
அவன் போன் திரையில் பதினான்கு மாதக் குழந்தை,
வேறு ஏதோ நாட்டின் கூட்டலில்.
இன்னும் தூக்கியதில்லையாம்.
அதற்குப் பாரத்தில் கட்டம் இல்லை.

ஒன்பதில் கோர் ஆ செங் ஐந்து விரல் காட்டினார்.
வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு.
பெர்த்தில் இரண்டு பேர், சிங்கப்பூரில் ஒருத்தி,
மனைவி பத்து லாஞ்சாங் கல்லறையில்.
அவரோடு ஐந்து. கணக்கு சரிதான்.
ஒன்று என்று அழுத்தினேன்.
'நிச்சயமா?' என்றது திரை. அது எல்லாரிடமும் அப்படித்தான் கேட்கும்.

பன்னிரண்டில் தர்ஷாயினி,
சுங்கைப் பட்டாணியிலிருந்து வேலைக்கு வந்தவள்.
தோளில் பச்சைக் குழந்தை,
செவ்வாய் விடியற்காலை நாலு மணிக்கு.
"நாலு மணி நேரந்தானே அக்கா, போட்டுடுங்களேன்"
மீன் கடையில் ஒரு வெள்ளி குறைப்பது போல் பேரம்.
முடியாதும்மா. இவள் அடுத்த எண்ணிக்கைக்குத்தான்.
அதற்குள் பள்ளிக்கூடம் போய்
என்னைவிட நன்றாகக் கூட்டுவாள்.

பதினாலில் வாடகை நாற்காலிகள் இன்னும் திரும்பிப் போகவில்லை.
நான் பின்வாங்கினேன். பாக்கியவதி விடவில்லை.
"எத்தனை மணிக்கு?" கேட்க எனக்கே கூசியது.
"பன்னிரண்டு நாற்பது."
அப்படியானால் அவரும் உண்டு என்றேன்.
அவர் முகத்தில் எதுவோ நிமிர்ந்து உட்கார்ந்தது.
"எழுது. தகப்பன் பேரோடு எழுது."
நாகலிங்கம், மாசிலாமணி மகன், எழுபத்திரண்டு.
பிறந்த இடம்?
"கப்பல். நாகப்பட்டினம் விட்டு நாலாம் நாள்."
பட்டியலை மேலும் கீழும் தள்ளினேன்.
மாநிலங்கள், நாடுகள், அகர வரிசையில்.
கடல் இல்லை.
'மற்றவை' என்று போட்டுவிட்டு
அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தேன்.
நாற்பது நிமிஷ மனிதர்
சுவரிலிருந்து என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பாரம் என்னுடையது. பதினொன்றாம் மாடி.
கவினேஷ் திங்கள் இரவு பத்துக்கு
சுங்கை நிபோங்கில் பஸ் ஏறினான், ஜொகூருக்கு,
அங்கிருந்து பாலம் தாண்டி வேலைக்கு.
நள்ளிரவில் தைப்பிங் பக்கம் எங்கோ
கண்ணாடியில் தலை சாய்த்திருப்பான்.
பயணத்தில் இருப்பவர் போய்ச் சேரும் இடத்தில் சேர்க்கப்படுவர்;
இதை ஒப்பித்துத்தான் நான் தேறினேன்.
ஒன்று என்று அழுத்தினேன்.
'நிச்சயமா?'

விரல் அந்தரத்தில் நின்றது.
வெளியே படிக்கட்டில் மூச்சிரைப்பு, இரும்பு உரசும் ஓசை,
எனக்குப் புரியாத மொழியில் ஒருவன்
மெல்ல, மெல்ல என்கிறான் போலிருக்கிறது.
லிஃப்டில் கொள்ளாத கட்டில் ஒன்றை
எதிர்வீட்டுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.