விஷப்பனி

டியெங் மேட்டில் கந்தகம் நாறும் விடியல்.
விஷப்பனி விழுந்து
கிழங்குச் செடி முழுக்க
ஒரே இரவில் கருகிவிட்டது.
நஷ்டத்தைக் கொத்திக்கொண்டிருந்த துர்யாத்தியின் மண்வெட்டி
டங்கென்றது.

கல்.
கல்லில் மூக்கு.
பிறகு மண் அப்பிய ஒரு சிரிப்பு.

வயலுக்கு அந்தண்டை நிற்கிறதே விமானம்,
தளத்தின்மேல் தளமாய்ச் சிறுத்து ஏறும் எரிமலைக் கல்,
அதில் கூட்டுக்கொரு தலை.
(கூடுதான். இங்கே குடு என்கிறார்கள்.)
எட்டிப் பார்ப்பது தேவரா, கொத்தனின் மச்சானா,
எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.
அரசர்கள் கிழக்கே போனார்கள்.
சதுப்பு ஏறியது.
கடைசிப் பூசை எந்தக் கிழமை என்று
குறித்துவைக்க ஆளில்லை.

"ஆபீசுக்குத் தெரிந்தால்
வயலைச் சுற்றிக் கயிறு கட்டுவான். மூடு,"
என்றான் புருஷன் சர்ஜிமன்.

மூடவில்லை.
சொல்லியனுப்பவும் இல்லை.
வாய்க்காலில் கழுவி
காலிக் கூட்டுக்கு நேரே வரப்பில் வைத்தாள்.
பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு கேட்டதும்
கை அலம்பிப் போனவள்
திரும்பிவந்து
செடி போர்த்தும் சாக்கை அதன் தலையில் போட்டாள்.

"ஆயிரம் வருஷக் குளிர் தாங்கினவனுக்குச் சாக்கு எதற்கு?"

"கிழங்குக்கு எதற்கு?
அதுதான் செத்துப்போச்சே."