பார் கார்டு

மூன்று மாத வாடகைக்குப் பதிலாக
ரெனால்டோ விட்டுப்போன கிதார் இது.
வின்னிபெக்கின் பிப்ரவரி
பலகையை உலர்த்தியதில்
துளைக்குக் கீழே மயிரிழை விரிசல்.
பக்கத்தில் ஈரத்துணி வைத்துவிட்டுத் தூங்குகிறேன்,
காய்ச்சல்காரனுக்கு வைப்பதுபோல.

ஈ மைனர், சி, ஜி எல்லாம்
ஒரு மாதத்துப் பஸ் பாஸ் தீர்வதற்குள் கைக்கு வந்தன.
எஃப் வரவில்லை.
முதல் கட்டத்தில்
ஆறு தந்திக்கும் குறுக்கே
சுட்டுவிரல் படுக்க வேண்டுமாம்.

இதற்குமுன் அது எதையும் தாங்கியதில்லை.
கடைசி பஸ் போன திசையைக் காட்டும்.
கிடங்கில் பெட்டிகளை எண்ணும்.
தம்பிமேல் கோபம் வந்தால்
போனுக்கு முன்னால் ஆடும்.
சுட்டியே பிழைத்த விரலைச்
சும்மா கிட என்றால் கிடக்குமா?

மீட்டினால்
தட், தட், டொக்.
குளியலறைக் குழாய் இதைவிடச் சுருதியாகச் சொட்டும்.
இரண்டாம் தந்தி ஒவ்வொரு முறையும்
விரல் மடிப்பின் பள்ளத்தில் போய் ஒளிந்துகொள்கிறது.
பெருவிரல் அடியில் பிடித்த வலி
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போதும்
கூடவே உட்கார்ந்து வருகிறது.

அக்காவிடம் போனில் சொன்னேன்:
'பார் கார்டு பழகிட்டு இருக்கேன்.'
தர்மபுரியில் ஒரு குக்கர் விசில்.
பிறகு,
'பி.ஆர். கார்டா? வந்துருச்சா?'
இல்லை என்று நான் சொல்வதற்குள்
மாமாவுக்குச் சொல்லியாயிற்று.
மாமா எதிர்வீட்டுக்கு.
திருத்திச் சொன்னேன்.
'பாரா? குடிக்கிறியாடா?'

திங்கட்கிழமை ரேகை கொடுக்கப் போனேன்.
மைனஸ் முப்பத்தொன்று.
'மாதப்பன்' என்று
என் அப்பாவைக் கூப்பிட்டார்கள்.
எழுந்தேன்.
தீர்த்தகிரி குடும்பப் பெயராகிக்
கோப்பில் எங்கோ பின்னால் நிற்கிறது.

இடது கையின் நான்கு விரலையும் சேர்த்துக்
கண்ணாடிமேல் படுக்கவைத்தேன்.
சிவப்பு.
'அழுத்துங்கள்' என்றாள் அந்தப் பெண்.
அழுத்தினேன்.
சிவப்பு.
நுனியெல்லாம் காய்ப்பு. மோதிரவிரல் ரேகையின் நடுவில்
தந்தி போட்ட பாதை.
'என்ன வேலை?'
கிடங்கு என்று சொல்லியிருக்கலாம்.
கிதார் என்று வாய் முந்திக்கொண்டது.
அவள் சிரிக்கவில்லை. விரலைப் பார்த்தாள்.
'எஃப்பா?'
'எஃப்.'
'என்னுடையதை வித்துட்டேன்.'
ஒரு சொட்டு லோஷன் தந்து
'அழுத்தாம, லேசாச் சாய்ச்சு வைங்க.'
பச்சை.

அன்றிரவு சாய்த்துவைத்தேன்,
சதைப் பக்கம் விட்டு எலும்புப் பக்கம்.
முழங்கையை விலாவோடு ஒட்டி,
பெருவிரலிடம் கொஞ்சம் கெஞ்சி.
ஐந்து தந்தி பேசிற்று.

அப்படியே தள்ளினேன்.
மூன்றாம் கட்டத்தில் அதுவே ஜி.
ஐந்தாம் கட்டத்தில் ஏ.
பிடி மாறவில்லை.
நின்ற இடத்துக்கு ஒரு பெயர்.

திரும்ப எஃப்புக்கு வந்தபோது
நான்கு தந்திதான்.
போகட்டும் என்று அதையே பதிவுசெய்து
அக்காவுக்கு அனுப்பினேன்.

காலையில் அவள் குரல்:
'ஒண்ணும் புரியலடா, ஆனா சத்தம் வருது.
கார்டு எப்ப வரும்?'