கொத்தமல்லி வாசனை

இணைத்த இடத்தில் கசிவு என்றார் டாக்டர்.
அறுவை முடிந்து ஐந்தாம் நாள்.
காய்ச்சல் நூற்றிரண்டு.
வயிற்றிலிருந்து வெளியே வரும் குழாயில்
தேன் நிறம் போய்ப் பாசி நிறம்.

வேறெந்தச் சொல்லாக இருந்திருந்தாலும்
தலையாட்டிவிட்டுப் படியிறங்கி
யாரிடமாவது அர்த்தம் கேட்டிருப்பேன்.
கசிவு எனக்குத் தெரியும்.
பத்தொன்பது வருஷம் மெட்ரோ வாட்டரில் லைன்மேன்.
அயனாவரம், ஓட்டேரி, அந்தப் பக்கம் புரசைவாக்கம்,
ரோட்டில் காது வைத்து
எந்தக் குழாய் அழுகிறதென்று சொல்வேன்.
தோண்டு, வால்வை மூடு, வளையம் மாற்று, மண்ணைத் தள்ளு.
தெரு அன்றிரவு திட்டும், மறுநாள் மறந்துவிடும்.

செம்மலருக்குப் பதினொரு வயது.
அவளுக்குள் எங்கே காது வைப்பது?

முதல் வருஷம் பூச்சி என்றார்கள்.
அடுத்த வருஷம்
பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளையின் வயிற்றுவலி என்றார்கள்.
அதை நானும் ஒருமுறை சொன்னேன்.
பிறகுதான் கிரோன்.
யாரோ ஒரு டாக்டரின் பெயராம்.
எங்கள் ரேஷன் கார்டில் நான்காவது ஆளாக
வந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டாம் முறை உள்ளே கொண்டுபோன இரவு
வசுமதி மகளின் செருப்பை மடியில் வைத்திருந்தாள்.
கீழே வையேன் என்றேன்.
வைக்கவில்லை.

விடிந்தபோது வயிற்றின் வலப்பக்கம்
ரோஜா நிறத்தில் குடலின் ஒரு முனை.
அதன்மேல் ஒட்டிய பை.
"கொஞ்ச மாசத்துக்குத்தான்" என்றார் பிலோமினா சிஸ்டர்.
கொஞ்சம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
கொஞ்ச நேரத்தில் தண்ணி வந்துடும் என்று
எத்தனை குடங்களிடம் சொல்லியிருப்பேன்.

வாய்வழியாக எதுவும் கூடாது. பதினாறு நாள்.
கழுத்து நரம்பில் பால்வெள்ளையாகச் சாப்பாடு சொட்டுகிறது.
அவளோ போனில் சமையல் வீடியோ பார்க்கிறாள்,
சத்தத்தை அணைத்துவிட்டு.
பிரியாணிக்குத் தம் உடைக்கிற இடத்தில் நிறுத்தி
பின்னுக்குத் தள்ளி
திரும்பவும் உடைக்கிறாள்.

நான் மாடிப்படித் திருப்பத்தில்
தீயணைப்பு வாளிக்குப் பக்கத்தில் நின்றபடி
நாலு இட்லி விழுங்கி, மூன்று முறை கொப்பளித்து,
சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வருகிறேன்.
"கொத்தமல்லிச் சட்னியா?"
போனிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
இல்லையே என்கிறேன்.
"புதினாவும் போட்டிருக்கான்."

ஒருநாள் ராத்திரி மூன்று மணிக்குப் பை விட்டுவிட்டது.
கவுன், போர்வை, விரிப்பு எல்லாம்.
எதிர்க்கட்டில் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.
மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.
வசுமதி அன்றைக்குத்தான்
முதல்முறையாகத் தூங்க வீட்டுக்குப் போயிருந்தாள்.
வெந்நீர், துணி, கத்தரிக்கோல்.
அட்டையில் துளையை அளந்து வெட்டவேண்டும்.
பெரிதானால் தோல் வேகும், சிறிதானால் குடல் நசுங்கும்.
ஐப்பசி மழையில் மேன்ஹோல் மூடி தூக்கிய கை
நடுங்கியது.
"அப்பா, நீ பைப் ஆளுதானே" என்றாள்
கண்ணை மூடியபடி.

ஒட்டிய பிறகு உள்ளங்கையை அதன்மேல் வைத்திருக்க வேண்டும்.
சூட்டில்தான் பசை பிடிக்குமாம்.
ஐந்து நிமிடம் என்றார்கள்.
ஐந்து ஆன பிறகும் நான் எடுக்கவில்லை.
கைக்கடியில் ஏதோ அசைந்தது.
முறைத்தண்ணி வருவதற்கு முன்னால்
வெறும் குழாயில் காற்று முட்டிக்கொண்டு வருமே,
அந்தச் சத்தம்.
இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.
சுவரைப் பார்த்தபடியே எதிர்க்கட்டில் அம்மாவும்.

குழாயில் நிறம் இன்னும் முழுசாக மாறவில்லை.
நாளைக்கு ஒரு ஸ்பூன் கஞ்சித்தண்ணி,
பார்ப்போம், என்கிறார்கள்.
பார்ப்போம் என்று தெருத்தெருவாகச் சொன்னவன் நான்.
அப்படிச் சொன்ன நாளில்கூட
யாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனதில்லை.